பங்களா எலி, லைன் எலி

ஜனவரி 7, 1968

இதெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான் குறை. அதனால் இன்று முதல் எழுதி வைக்கிறேன். பின்னால் எவனும் வந்து "சம்பங்கி எப்போ சொன்னான்?" என்று கேட்கக் கூடாது.

விஷயம் இது. அக்கா பார்வதம்மாவின் மகள் ஜானகி பெங்களூரில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். பிராணிகளைப் பற்றிய படிப்பு. காலேஜில் ஸ்டிரைக் என்று ஊருக்கு வந்தவள், துணிமணியோடு பதினாறு வெள்ளை எலிகளையும் தங்க வயல் உரிகம் ஸ்டேஷனில் இறக்கினாள். டிக்கெட் பார்க்கிறவர் கூடையைத் திறந்து பார்த்துவிட்டுத் தானே மூடி, தானே கும்பிடும் போட்டாராம்.

ஆராய்ச்சி என்னவென்றால், எட்டு எலிகளை ஒரே பெரிய பெட்டியில் கூட்டமாக வளர்ப்பது. உள்ளே ஏணி, உருளை, மரக்கட்டை எல்லாம் உண்டு. மற்ற எட்டும் ஆளுக்கொரு தகர டின்னில் தனியாக. ஒன்றை ஒன்று பார்க்கக் கூடாது, ஒரு மனுஷ முகத்தையும் பார்க்கக் கூடாது. தீனி இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஏப்ரலில் எது புத்திசாலி என்று பரீட்சை.

"கூட்டத்தில வளர்ந்ததுக்கு மூளையே கனமாயிடுதாம் மாமா. அமெரிக்காவில கண்டுபிடிச்சிருக்காங்க."

கண்டுபிடித்திருக்கிறார்களாம்! 1951-லேயே நான் கண்டுபிடித்தாகிவிட்டது. அப்போது சுரங்க சூப்பிரண்டு துரை பங்களாவில் தோட்ட வேலை செய்தேன். அவரிடம் ஒரு நாய். தனி அறை, தனித் தட்டு, தினம் கறி. ஒரு நாள் சங்கிலி அறுந்துவிட்டது. ஓட வேண்டியதுதானே? கேட் வரைக்கும் போய், யாராவது வந்து திரும்பக் கட்டுவார்கள் என்று நின்றுகொண்டிருந்தது. சுரங்கத் தொழிலாளிகள் வரிசை வீட்டில் இருக்கிற எங்கள் லைன் நாயைப் பாருங்கள். எந்தச் சங்கு எந்த ஷிப்டுக்கு, எந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி, எவன் கல்லெடுப்பான், எவன் கல்லெடுப்பதுபோல் குனிய மட்டும் செய்வான் — அத்தனையும் அதற்குத் தெரியும். இதைத் துரையிடமே சொன்னேன். "சம்பங்கி, யூ ஆர் ரைட்" என்றார்.

"போன வாட்டி சொன்னப்போ துரை கை குலுக்கினாருன்னீங்க. இந்த வாட்டி வெறும் ரைட்டோட நின்னுடுச்சா?" என்றாள் கங்கம்மா. கட்டிக்கொண்டவள் இப்படி. விஞ்ஞானம் எப்படி வளரும்?

ஜனவரி 9

எலிகளுக்கு எங்கள் வீட்டுப் பின்னால் ஆடு கட்டியிருந்த தட்டி அறையை ஒதுக்கியாயிற்று. அக்கா வீட்டில் எலிக்கு இடமில்லை. அக்காவுக்கே இடமில்லை.

கூட்டப் பெட்டிக்கு 'லைன்' என்று பேர் வைத்தேன். தனி டின் எட்டும் 'பங்களா'. முதல் பங்களாவில் இருப்பவர் மேனேஜர். இரண்டாவது டாக்டர். மற்ற ஆபீசர்களின் பேர் இன்னும் முடிவாகவில்லை.

ஜானகி சட்டம் போட்டாள். பங்களாப் பக்கம் தீனி, தண்ணீர், மூடி. பேசக் கூடாது, தொடக் கூடாது, பாடக் கூடாது. பாடக் கூடாது என்று யாரை மனதில் வைத்துச் சொன்னாள், தெரியவில்லை.

அவள் 'கேஜ், கேஜ்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஷாஃப்ட்தான் ஞாபகம் வருகிறது. நந்திதுர்க் ஷாஃப்ட் வாயில், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜுக்கு மணி அடிக்கிறவன் நான். நான் மணி அடிக்காமல் ஒரு ஆள் பூமிக்குள் போக முடியாது. இறக்குவது இஞ்சின் ஓட்டுகிற தான்தான் என்று அடுத்த வீட்டு ஏனோக் சொல்லிக்கொண்டு திரிகிறான். மணி கேட்காமல் அவன் கை அசையட்டும் பார்ப்போம்.

ஜனவரி 14

பொங்கல். லைனுக்கு ஒரு கரும்புத் துண்டு போட்டேன், உருட்டி விளையாடின. பங்களாவுக்கு ஒன்றும் இல்லை. சட்டம்.

ஜனவரி 20

காலேஜ் திறந்துவிட்டது. ஆனால் அங்கே எலி வைக்கும் கட்டடத்துக்குக் கூரை மாற்றுகிறார்களாம், ஏப்ரல் வரை ஆகுமாம். எலிகள் இங்கேயே இருக்கட்டும் என்று ஜானகி புறப்பட்டாள்.

புறப்படும் நேரத்தில் அக்கா வாசலை மறித்துக்கொண்டு சொன்னாள்: "இத்தோட சொல்லிட்டேன். பரீட்சை முடிஞ்சி மேல ஆராய்ச்சிக்கு இடம் கெடச்சா படிச்சிக்கோ. கெடைக்கலன்னா வைகாசியில தாலி. சாம்பியன் ரீஃப் ஆளுங்க எத்தினி நாளு காத்துகினு இருப்பாங்க?"

சாம்பியன் ரீஃப் மாப்பிள்ளையை நானும் பார்த்தேன். அந்தச் சுரங்க ஆபீஸில் குமாஸ்தா. ஜானகி படித்த படிப்பு வீட்டில் ரொட்டி சுடப் பயன்படுமா என்று கேட்டவன். நல்லவன்தான், யாருக்கும் கெடுதல் செய்யக்கூடத் தெரியாத அளவுக்கு.

ரயிலடியில் ஜானகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, என் தலையெழுத்து அந்தப் பதினாறு எலிகிட்ட கீது. அம்மாவ நம்பல. உங்களத்தான் நம்பறேன்."

"பூமிக்குள்ள ஆயிரம் பேர இறக்கி ஏத்தறவன் நானு. பதினாறு எலி ஒரு கணக்கா?" என்றேன். சரியான பதில். எனக்கே பிடித்திருந்தது.

ஜனவரி 24

ஒரு விஷயம் எழுத வேண்டும். எழுதலாமா? என் நோட்டு, என் இங்க்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம். வீட்டு ஆம்பளை நைட் ஷிப்ட் போனால் அந்த வீட்டுப் பெண் தனியாகப் படுக்கக் கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து யாராவது பாயோடு போவார்கள். சாவு வீட்டில் பதினாறு நாளும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அக்கா புருஷன் சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்துப்போனபோது அக்கா ஒரு வேளைகூடத் தனியாகச் சாப்பிடவில்லை. சாப்பிட்டாளா என்பது வேறு. ஒருவனைத் தனியே விடுவது என்றால் எங்களிடம் அதற்குப் பேர் தண்டனை. பஞ்சாயத்து கூடித்தான் விதிக்க முடியும்.

இந்த எலிகள் எந்தப் பஞ்சாயத்தில் குற்றம் செய்தன?

இன்று ஷிப்ட் முடிந்து வந்து மூடிகளைத் திறந்தேன். மேனேஜர் மீசையை ஆட்டிக்கொண்டு என் உள்ளங்கையில் ஏறினார். டாக்டரும் ஏறினார். எல்லாரையும் கவனிக்க எனக்கு நேரம் ஏது? ஐந்து பங்களா மட்டும் என் பொறுப்பு என்று வைத்துக்கொண்டேன். சாயங்காலம் கொஞ்ச நேரம். நாலு வார்த்தை பேசினால் மூளைக்குள் என்ன போய்விடப்போகிறது?

பிப்ரவரி 3

ஏனோக்குக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கங்கம்மா. வேறு யார்?

வந்தவன் டின்னுக்குள் எட்டிப் பார்த்தான். "இது யாரு?"

"மேனேஜர்."

மூன்று வருஷமாக அவன் பிரமோஷன் மனு மேல் ஆபீசில் தூங்குகிறது. தொப்பியைக் கழற்றிவிட்டான். எலியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஐயா, சீனியாரிட்டி லிஸ்டில எனக்கு அப்பால வந்தவன் பேரு எனக்கு மேல கீது. இன்னா நியாயம் இது?" என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. மேனேஜர் காதை நிமிர்த்திக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, கடைசி வரைக்கும் கேட்டார். நடுவில் ஒரு முறை முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஏனோக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இருவது வருஷ சர்வீஸ்ல ஒரு மேனேஜர் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் உக்காந்து கேட்டது இதான் முதல் தடவ சம்பங்கி."

பிப்ரவரி 11

இன்று ஐந்து மனு. மருந்து மாற்றிக் கொடுக்கச் சொல்லி டாக்டரிடம் மூன்று பேர். நிஜ ஆபீசுக்குத் தெரிந்தால் எலிகளுக்கு மெமோ வரும்.

பிப்ரவரி 18

கூட்டம் தாங்கவில்லை. முறை வைத்தாயிற்று. சாயங்கால ஷிப்ட் முடிந்தவர்களுக்கு மேனேஜர், பெண்களுக்கு டாக்டர், சர்ச்சிலிருந்து வருகிறவர்களுக்கு மூன்றாம் பங்களா. ஏனோக் அதற்குப் பாட்டுப் பாடிக் காட்டுகிறான். எலி ஓடவில்லை. ஆகவே அதற்குக் காது கேட்காது என்பது என் விஞ்ஞான முடிவு.

எலி என்றால் உலக்கையைத் தூக்குகிற கங்கம்மா, நாலாம் பங்களாவைத் தோளில் போட்டுக்கொண்டு அரிசி பொறுக்குகிறாள். கேட்டால், "எலின்னு யாரு சொன்னது? இது இன்ஸ்பெக்டர்" என்கிறாள்.

பிப்ரவரி 25

ஜானகி ஞாயிறுக்கு வந்தாள். காலையிலேயே லைன் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன், ஒருத்தரும் பின்பக்கம் வரக் கூடாது என்று. ஏனோக்கை அவன் சர்ச்சிலேயே பிடித்து உட்காரவைக்கச் சொல்லி பாஸ்டரிடம் ஆள் அனுப்பினேன்.

ஜானகி மேனேஜர் மூடியைத் திறந்தாள். அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

"இன்னா மாமா இது? தனியா வளர்றது மூலையில ஒடுங்கணுமே?"

"ஆபீசரு. மரியாத தெரிஞ்சவரு."

அவள் சிரிக்கவில்லை. மூடியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். "யாராச்சும் தொட்டாங்களா?"

"யாரு தொடப் போறாங்க?"

இது பொய் இல்லை. கேள்விக்குக் கேள்வி.

மார்ச் 10

அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த கங்கம்மா திடீரென்று கேட்டாள்: "நீங்க ஓரமா தள்ளி வச்ச அந்தக் கடசி மூணு டின்ன மட்டும் யாருமே தொறக்கறது இல்லையே?"

"தீனி போகுது இல்ல?"

"தீனி போகுது."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏப்ரல் 8

எலிகளைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். லைனே ஸ்டேஷனுக்கு வந்தது. மேனேஜரை வழியனுப்ப மட்டும் இவ்வளவு கூட்டம். நிஜ மேனேஜர் மாற்றலாகிப் போனபோது அவருடைய டிரைவர்கூட வரவில்லை.

காலேஜில் ஒரு பெட்டி காட்டினாள். உள்ளே சந்து சந்தாகத் தடுப்பு. ஒரு முனையில் எலியை விடுவது, மறுமுனையில் சீஸ் துண்டு. எத்தனை முறை தப்பு வழியில் போகிறது என்று கணக்கு. நாளைப் பரீட்சை. நானும் தங்குகிறேன். ஹாஸ்டல் வாட்ச்மேன் நம் வேலூர்ப் பக்கத்து ஆள். என்னைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறான், நான் சொல்லி.

ஏப்ரல் 9

லைன் எலிகள் சந்து புகுந்து போவதைப் பார்க்க வேண்டுமே! மாரிக்குப்பம் வண்டியில் இடம் பிடிக்கிற நம் ஆட்கள்தான். பிரமாதம்.

அப்புறம் மேனேஜர். சீஸ் எங்கே என்று மூக்கைத் தூக்கினார். நேராகப் போய் எடுத்துக்கொண்டார். டாக்டரும் அப்படியே. ஐந்து பேரும் லைன் எலிகளுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. நான் கை தட்டிவிட்டேன்.

ஜானகி கை தட்டவில்லை. அவள் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. அவள் நிரூபிக்க வேண்டியது இதற்கு நேர் எதிர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசி மூன்றும் விட்ட இடத்திலேயே சுவரோடு ஒட்டிக்கொண்டன. சீஸ் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்று நடுங்கிக்கொண்டே ஒன்றுக்குப் போயிற்று.

ஏப்ரல் 10

புரொபசர் கணக்கைப் பார்த்தார். வெளிநாட்டில் படித்தவர், குரலை உயர்த்தாமலே ஆளை உட்காரவைக்கிறவர். நான் கதவுக்கு வெளியே நின்றேன். கேட்டது இவ்வளவு: "டின் மாறிப்போச்சா, இல்ல நம்பரெல்லாம் நீயா கற்பனையா எழுதிக்கிட்டதா? இந்த ரிசல்ட்டை வச்சு உன் கட்டுரையை மேல அனுப்ப மாட்டேன். ஆராய்ச்சி இடத்துக்கும் உன் பேரை எப்படிச் சொல்றது? திங்கட்கிழமைக்குள்ள விளக்கம் கொடு."

ஜானகி வெளியே வந்தாள். என்னைத் தாண்டிப் போய்க் குழாயடியில் முகம் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள்.

வண்டியில் இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பினோம். பங்காருப்பேட்டையில் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறிப்போயிற்று.

வீட்டு வாசலில் அக்கா நின்றாள். சாம்பியன் ரீஃப்காரர்கள் நாள் குறிக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். நல்ல நேரம் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 11

சொல்லிவிட்டேன். எல்லாம் சொல்லிவிட்டேன். மனு, பாட்டு, முறை, இன்ஸ்பெக்டர், எல்லாம்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் கேட்டது இதுதான்.

"தனியா வுடறதுதான் மாமா ஆராய்ச்சியே. அது தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் தொறந்தீங்க."

"மனசு கேக்கல ஜானகி. பாவம், தனியா —"

"எனக்கும்தான் மாமா. சாம்பியன் ரீஃப் வீட்டுல ஒரு மூடியப் போட்டு மூடிடுவாங்க. அப்போ யாரு வந்து தொறப்பாங்க?"

பின்கட்டுக்குப் போயி காலி இடத்தப் பாத்துகினு நின்னேன். ஏன்டா திறந்தே? சும்மா தீனியப் போட்டுட்டு மூடியிருந்தா இன்னா? உனக்கு எதுக்குடா ஊர் உபகாரம்?

ஏப்ரல் 12

ஜானகி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஏனோக் வந்து மேனேஜர் சுகமா என்று கேட்டான். விரட்டிவிட்டேன்.

ஏப்ரல் 13

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியைக் கொண்டுவந்து வைத்தாள் ஜானகி. வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமா. அஞ்சுதான் தொறந்தேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"மூணு தொறக்கவே இல்ல."

"தீனி மட்டும்."

"சுவத்தோட ஒட்டிக்கினது அந்த மூணுதான்." கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. "அப்போ எலிக்கு எலிதான் துணையா இருக்கணும்னு இல்ல. கொஞ்ச நேரம் ஒரு மனுஷன் பேசினாக்கூடப் போதும்போல கீதே! இத்த யாரும் கேட்டுப் பாத்திருக்க மாட்டாங்க மாமா."

"நான் முன்னாடியே —" என்று ஆரம்பித்தேன்.

"முன்னாடியே சொன்னீங்க, தெரியும். திங்கக்கிழம எங்கூட வாங்க. புரொபசர்கிட்ட நீங்களே சொல்லுங்க. ஒண்ணும் சேக்காதீங்க. உங்க காலப் புடிச்சி கேக்கறேன், ஒண்ணே ஒண்ணுகூடச் சேக்காதீங்க."

ஏப்ரல் 15

லீவு போட்டுப் போனேன். வெள்ளைச் சட்டை, கங்கம்மா கஞ்சி போட்டுக் கொடுத்தது. கழுத்தைத் திருப்பினால் சத்தம் வருகிறது.

சொன்னேன். ஒன்றும் சேர்க்காமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். மேனேஜர் மனு கேட்டதைச் சொன்னபோது புரொபசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான். அதை நான் கவனித்தேன் என்பதையும் கவனித்தார்.

பிறகு அவர் கேட்டார்: "சரி. அந்த மூணை எப்படி ஒதுக்கினீங்க?"

"எப்படின்னா?"

"எது அஞ்சு, எது மூணுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முதல் நாளே மந்தமா, பயந்து இருந்ததைப் பார்த்து நீங்க ஒதுக்கியிருந்தா, தனிமையாலதான் அப்படி ஆச்சுன்னு சொல்லவே முடியாது. எல்லாம் குப்பை. கண்ணை மூடிக்கிட்டு எடுத்ததா இருந்தா, மூணு எலி சின்னக் கணக்குதான், ஆனாலும் பெரிசா செஞ்சு பார்க்க வேண்டிய விஷயம். அதுக்கு ஒரு ஆள் வேணும். ஜானகியையே வச்சுக்கலாம்."

ஜானகி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை விரல் மட்டும் செருப்புக்குள் அசைந்தது.

"சீட்டுப் போட்டேன் சார்" என்றேன். "எங்க லைன்ல எதுக்கும் சீட்டுதான். பேத்தமங்களா ஏரித் தண்ணி வர்ற குழாயில யாரு முதல்ல குடம் வைக்கறதுன்னாலும் சீட்டு. எட்டு டின்னுக்கும் எட்டுச் சீட்டு எழுதி, பித்தளைச் சொம்புல போட்டுக் குலுக்கி, வீட்டுக்காரிய எடுக்கச் சொன்னேன். அஞ்சு வந்தது. அஞ்சுதான் பார்த்தேன்."

புரொபசர் அதைக் குறித்துக்கொண்டார். அப்புறம், "வெரி குட்" என்றார். வெரி குட்! துரைகூட ரைட் என்பதோடு நின்றவர்.

சீட்டுப் போட்டதை ஜனவரியில் எழுத விட்டுப்போயிருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

ஏப்ரல் 23

காலேஜில் எலிகளின் மூளையைக் கனம் பார்த்திருக்கிறார்கள். எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் இதுவரை கேட்டதில்லை. தலைக்குள் இருப்பதை வெளியே எடுக்காமல் தராசில் வைக்க முடியாது என்பது அஞ்சாம் கிளாஸ் படித்தவனுக்கும் தெரிய வேண்டியதுதான்.

பதினாறும் போயிற்று.

ஜானகி சொன்னது: லைன் எலிகளுக்குக் கனம் அதிகம். மேனேஜர் ஆட்கள் ஐந்துக்கும் கிட்டத்தட்ட அதே. மூன்றுக்கு மட்டும் குறைவு. கடுகு அளவுதான் வித்தியாசமாம், ஆனால் இருக்கிறதாம்.

ஆக, மேனேஜருக்கு மூளை உண்டு என்று தங்க வயல் சரித்திரத்திலேயே முதல் முறையாக நிரூபணம் ஆகியிருக்கிறது. ஏனோக்கிடம் இதைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "வலிச்சிருக்குமா?" என்றான்.

கங்கம்மா இன்ஸ்பெக்டர் டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். சாயங்காலம் சோறு இறங்கவில்லை. வெயில்.

மே 6

கிடைத்துவிட்டது! ஆராய்ச்சிக்கு இடம், மாதாமாதம் பணமும் உண்டு. நாற்பது எலி வைத்துத் திரும்பச் செய்வதற்கு ஜானகியே பொறுப்பு.

அக்கா முதலில் நம்பவில்லை. "எலி பாக்கறதுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்?"

"பூமியத் தோண்டி மண்ணப் பாக்கறதுக்கு நம்மளுக்குக் குடுக்கலியா?"

சாம்பியன் ரீஃப்காரர்களிடம் நானே போய்ப் பேசினேன். மாப்பிள்ளை, "எலியா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். இப்படி நிம்மதியாக ஒரு சம்பந்தம் முறிந்ததை நான் பார்த்ததில்லை. வரும்போது அவர்கள் கொடுத்த வெற்றிலையையும் போட்டுக்கொண்டு வந்தேன்.

மே 19

யூனியன் படிப்பகத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். புரொபசர் எழுந்து நின்று கைகொடுத்தார் என்பது மட்டும் கொஞ்சம் கூடுதல். அவர் உட்கார்ந்துகொண்டேதான் கொடுத்தார். கொடுக்கவும் இல்லை.

ஜூலை 28

பின்கட்டு வெறுமையாக இருக்கிறது என்று ஆடு வாங்கினேன். கங்கம்மா இரண்டாக வாங்கச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 22

ஜானகி கிறிஸ்துமஸ் லீவில் வந்திருக்கிறாள். இளைத்திருக்கிறாள், ஆனால் நடையே மாறிவிட்டது. அக்காவிடம்கூட உட்கார்ந்துகொண்டே பதில் சொல்கிறாள்.

நாற்பது எலியும் முடிந்ததாம். அதே முடிவுதானாம். தனியே விட்டது மந்தம். தனியே விட்டாலும் தினம் கொஞ்ச நேரம் ஒரு ஆள் எடுத்து வைத்துப் பேசினது, கூட்டத்தில் வளர்ந்ததுக்குச் சமம். புரொபசர் அச்சுக்கு அனுப்புகிறார்.

"உங்க மாதிரியே சீட்டுதான் மாமா. ஒரு பித்தளைச் சொம்புகூட வாங்கிவச்சேன். லேப்ல எல்லாரும் சிரிச்சாங்க." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "அத்தை, அன்னிக்கு நீங்கதான சீட்டு எடுத்தது?"

கங்கம்மா கரண்டியை வைத்தாள். என்னைப் பார்த்தாள். "ஆமாமா. நான்தான் எடுத்தேன்" என்றாள். அப்புறம் சாப்பாடு முடியும் வரை என் பக்கம் திரும்பவில்லை.

ஜானகி பேசிக்கொண்டே போனாள். எலிகளைப் பற்றிப் பேசும்போது இப்போதெல்லாம் அவளுக்கு என் கை வருகிறது, ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். "ஒண்ணு தெரியுமா மாமா? சீட்டுல வந்ததுல சிலது மொதல் நாளு கையவே பாக்காது. மூலையில போய் ஒண்டிக்கும். இத்த எடுத்து இன்னாத்துக்குன்னு தோணும். ஆனா வுடக் கூடாதுன்னு புரொபசர் சொல்லிட்டாரு, சீட்டுல வந்தா வந்ததுதான். பத்தே நாளு. அதுங்கதான் மத்ததுங்களவிட வேகமா வந்து கையில ஏறுது. மூடியத் தொறக்கறதுக்கு முன்னாடியே அடியில வந்து நின்னுகினு இருக்கும்."

"அப்படியா?" என்றேன்.

அவள் அக்கா வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டாள். நாற்பது எலியில் அவள் போட்டது நிஜச் சீட்டு, முடிவும் நின்றுவிட்டது, அவளுக்கு இனி என்னால் ஒரு கெடுதலும் இல்லை. ஆகவே இதை எழுதலாம்.

சீட்டும் இல்லை, சொம்பும் இல்லை. ஜனவரி 24 அன்று நான் எட்டு மூடியையும் திறந்தேன். எட்டு டின்னுக்குள்ளும் கையை நீட்டினேன். ஐந்து வந்து முகர்ந்து பார்த்தன. மூன்று வரவில்லை. சம்பங்கி கை நீட்டியும் வராததா என்று மூடிவிட்டேன்.